கடல் தாண்டாத குரு

செவ்வாய், வியாழன், சனி. இந்த மூன்று நாளும் காலை ஐந்தே முக்காலுக்கு என் வேன் நாலாங்கட்டைத் தோட்டத்து லயத்துக்கு முன்னால் போய் நிற்கும். லிங்கியிலிருந்து லுக்குட் வரைக்கும் சிறுநீரகம் கெட்டுப்போன ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, போர்ட்டிக்சனில் டயலிசிஸ் செய்கிற இடத்தில் இறக்கிவிட வேண்டும். நான்கு மணி நேரம் மிஷினோடு கிடப்பார்கள். திரும்ப ஏறும்போது முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி இருப்பார்கள். ஏழு வருடமாக இதுதான் என் பிழைப்பு. புனிதன் வேன் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

முதலில் ஏறுகிறவர் அப்பாண்டைப் பெரியப்பா. அவருக்காக ஒரு நாளும் ஹார்ன் அடித்ததில்லை. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அந்தப் படி காலியாக இருந்தது. ராத்திரி பெய்த மழை கூரைத் தகரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நீலாவதிப் பெரியம்மாதான் வெளியே வந்தார்.

"அவரு வரலையாம்பா."

"ஏன், காய்ச்சலா?"

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. போதுமாம். நீயே வந்து கேளு. என் பேச்சு அவரு காதுல ஏறாது."

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் அதற்குப் 'பகல்சோத்து வீடு' என்று பேர். பொழுது சாய்ந்தபின் அந்த அடுப்பு எரியாது. யாரும் வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டார்கள். குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டுவார்கள். கறி மீன் கிடையாது. பெரியப்பாவின் தாத்தா வந்தவாசிப் பக்கத்துச் சமணர். அண்ணன் தம்பிச் சண்டையில் கோபித்துக்கொண்டு கப்பலேறி, இங்கே மலாயாவில் தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற கிராணிக்குக் கையாளாகச் சேர்ந்தவர். வரும்போது பெட்டியில் ஒரு சாண் உயரத்தில் பித்தளையில் ஒரு சாமி கொண்டுவந்தாராம். அதைத்தான் இன்னமும் வைத்திருந்தார்கள். உடம்பில் துணி இல்லாமல், இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நேராக நிற்கிற உருவம். கையில் வேல் இல்லை, சூலம் இல்லை, பயப்படாதே என்று காட்டுகிற உள்ளங்கைகூட இல்லை.

பெரியம்மா எங்களைப் போல மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பத்துப் பெண். கட்டிக்கொண்டு வந்த பிறகு அவரும் பகலிலேயே சாப்பிடப் பழகினார். மீனை மட்டும் விட முடியவில்லை. வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் எங்கள் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து என் அம்மா வைத்த கெம்போங் மீன் குழம்பை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, வாயை மூன்று தடவை கொப்பளித்துவிட்டுப் போவார். "கேட்டாக் குடுக்காத சாமிய வச்சிக்கிட்டு நான் என்னடி பண்றது" என்று அம்மாவிடம் சொல்லுவார். இருவரும் உடன்பிறந்தவர்கள் மாதிரி. அதனால்தான் எனக்கு அவர் பெரியம்மா, இவர் பெரியப்பா.

என் அம்மா எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைக் காட்டில் புல்லுக்கு மருந்தடிக்கிற கும்பலில் ஒன்பது வருடம் வேலை செய்தார். அந்தக் கும்பலை மேற்பார்க்கிற மண்டோர் அப்பாண்டைப் பெரியப்பா. இருபது வருடத்துக்கு முன்னால், நாற்பத்து நான்கு வயதில், நெஞ்சு காய்ந்து மூச்சு விட முடியாமல் அம்மா போய்ச் சேர்ந்தார். நான் அப்போது சிரம்பானில் ஒரு பேக்டரியில் இருந்தேன். பதினாறு நாளும் பெரியப்பா வந்து எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மரியாதையை நான் மறந்ததே இல்லை.

உள்ளே போனபோது அவர் சாமிக்கு எதிரே நாற்காலியில் இருந்தார். சர்க்கரை தின்ற இடது கால் ஒரு முக்காலியில் நீட்டியிருந்தது. கட்டுக்கு மேலேயும் கறுப்பு ஏறியிருந்தது.

"என்ன பெரியப்பா, வேன் நிக்குது."

"நிக்கட்டும். நீ அவங்களக் கூட்டிக்கிட்டுப் போ."

"ரெண்டு நாளு விட்டாத் தண்ணி நெஞ்சுல ஏறிடும். நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்கல்ல."

"மிஸ்ஸி நெறைய சொன்னாங்க. கால முட்டிக்கு மேல எடுக்கணுமாம். மிஷினுக்காகக் கையில போட்ட வழி ரெண்டு தடவ அடைச்சிருச்சி, இனிமே கழுத்துல ஓட்ட போடுவாங்களாம். இதெல்லாம் எதுக்கு, சொல்லு."

"உசுரோட இருக்குறதுக்கு."

அவர் மெதுவாக, யாரையும் ஒப்புக்கொள்ள வைக்க நினைக்காதவர் மாதிரிச் சொன்னார். "எங்க வழியில ஒரு நோன்பு இருக்கு புனிதா. சல்லேகனைன்னு பேரு. உடம்பு இனிமே அறத்துக்கு ஆகாதுன்னு ஆயிட்டா, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா விட்டுட்டு, யாரு மேலயும் கோவமில்லாமப் போறது."

"செத்துப் போறேன்னு நேரா சொல்லுங்க."

"ரெண்டும் வேறலா. நானா எடுத்தா அது செத்துப் போறது. குரு பாத்து, இவனுக்கு நேரம் வந்துருச்சின்னு குடுத்தா அது நோன்பு. அவரு முன்னால நம்ம குத்தத்தையெல்லாம் வாய் விட்டுச் சொல்லணும். அவரு கேட்டுக்கணும். அதுக்கப்புறம்தான் மத்தது."

"அந்தக் குரு எங்க இருக்காரு?"

"இங்க இல்ல. அதான் வம்பு. அவங்க கார்ல, கப்பல்ல, பிளைட்ல ஏற மாட்டாங்க. எங்க போனாலும் நடைதான். மலாயாவுக்கு எப்படி நடந்து வருவாங்க."

பின்னால் லோகேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். ஒரே மகள், முப்பத்தொரு வயது, லுக்குட்டில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கல்லாவில் இருக்கிறாள். மோட்டார் ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தாள். ராத்திரி முழுக்க அழுத முகம்.

"அப்பா, வந்தவாசியில ஸ்ரீபால் சித்தப்பா இருக்காருல்ல, கார்டு அனுப்புவாரே. அவருக்கு மெசேஜ் போடுறேன். மழக்காலத்துல சாமிங்க ஒரே ஊர்ல தங்கியிருப்பாங்கன்னு சொல்லுவீங்களே, இப்ப அங்கதான் இருப்பாங்க. போன்ல பேசுங்க. அவரு வேணாம்னு சொன்னா அதோட விட்டுறணும். கால எடுக்க ஒத்துக்கணும். சரியா?"

"குரு சொன்னா விட்டுர்றேன்."

"அதுவரைக்கும் டயலிசிஸ் போவணும்."

பெரியப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முக்காலியிலிருந்து காலை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தார். "சட்டைய எடு நீலா" என்றார்.

வேனுக்கு நடக்கும்போது லோகேஸ்வரி என் சட்டைக் கையைப் பிடித்தாள். "அண்ணே, அவரு வேணாம்னுதான சொல்லுவாரு?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்."

"சாமியாரா இருக்கவரு சாவச் சொல்லுவாரா?"

நான் முன்னால் போய் வேன் கதவைத் திறந்தேன்.

பதில் வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் மழை விடவில்லை. தோட்டத்துச் சாலை சேறாகி, வங்காளதேசத்துப் பையன்கள் அறுத்துப்போட்ட செம்பனைக் குலைகள் லாரி வராமல் சாலையோரம் கிடந்து அழுகின. வேன் பாலத்தைக் கடக்கும்போது லிங்கி ஆறு பால் கலந்த தே தாரிக் நிறத்தில் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

அமிர்தலிங்கம் என்று ஒரு முன்னாள் லாரி டிரைவர் என் வேனில் வருவார். சிரம்பான் பக்கத்து ராசாவில் பிறந்து வளர்ந்தவர், யாரையும் சும்மா விடமாட்டார். வியாழக்கிழமை பின் சீட்டிலிருந்து ஆரம்பித்தார்.

"மண்டோர், ஒண்ணு கேக்குறேன், கோவிச்சிக்காதீங்க. உங்க சாமி கேட்டாக் குடுக்கும்லா?"

"குடுக்காது."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே. அவருக்குக் கேக்கவே கேக்காதுன்னு வச்சிக்குங்க. எல்லாம் முடிஞ்சி மேல போயிட்டாரு."

"அப்ப எதுக்கு தெனமும் கும்புடுறீங்க?"

"தீர்த்தங்கரர்னா என்ன தெரியுமா? துறை போட்டவரு. இந்த ஆறு இருக்குல்ல, பாலம் இல்லாத காலத்துல எவனோ ஒருத்தன் மொதல்ல எறங்கிப் பாத்து, இங்க ஆழமில்ல, இந்த வழியா வாங்கன்னு கம்பு நட்டுட்டுப் போயிருப்பான்ல. அந்த மாதிரி இருபத்து நாலு பேரு. நம்மளத் தூக்கிக்கிட்டுப் போவ மாட்டாங்க. கம்பு நட்டுருக்காங்க, அவ்வளவுதான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எங்க மந்திரத்துல அஞ்சு பேருக்கு வணக்கம். ஒடம்பையும் விட்டு முத்தியடைஞ்ச சித்தருங்கதான் எல்லாருக்கும் மேல. ஆனா அவங்களுக்கு ரெண்டாவது வணக்கந்தான். மொத வணக்கம், ஒடம்போட இருந்து சொல்லிக் குடுத்த அருகரு இருக்காரு பாருங்க, அவருக்கு. சொல்லிக் குடுக்கலன்னா நமக்கு எப்படித் தெரியும், மேல ஒரு எடம் இருக்குன்னு."

"நமக்கு முருகன் பரவால்ல" என்றார் அமிர்தலிங்கம். "திட்டுனாலாவது கேப்பாரு."

பெரியப்பா சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அவரை வீட்டில் விட்ட மத்தியானம் பெரியம்மா அடுக்களையில் கீரையை இரண்டாம் தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார். உப்புச் சத்து போகவேண்டும் என்று மிஸ்ஸி சொல்லிக்கொடுத்தது. கொட்டக் கொட்ட அது பச்சை நிறமே போய் நார் மாதிரி ஆகிவிட்டது.

"இதத் தின்னுக்கிட்டு மூணு வருசமா இருக்காரு. ஒரு நாளு ருசி இல்லன்னு சொன்னதில்ல." கரண்டியை வைத்தார். "நேத்து மாரியம்மன் கோயிலுக்குப் போயி வேண்டிக்கிட்டேன் புனிதா. அந்தக் குரு வேணாம்னு சொல்லிட்டா தீ மிதிக்கிறேன்னு. அவரு சாமி சொல்றதக் கெடுக்கச் சொல்லி எங்க சாமிகிட்ட கேட்டுருக்கேன். பாவமா?"

"இதுல என்ன பாவம் பெரியம்மா."

"எனக்குத் தெரியலப்பா. இந்த வீட்டுல எது பாவம் எது இல்லன்னு முப்பத்தாறு வருசமா எனக்கு வெளங்கல."

மறு புதன்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு நேரம் குறித்தார்கள். அங்கே அப்போது மூன்று மணி. சாமி காலையில் ஒரு வேளை நின்றபடி கையில் வாங்கிச் சாப்பிடுவாராம், பிறகு தியானம், அதற்குப் பிறகுதான் பேசுவார் என்று ஸ்ரீபால் செய்தி அனுப்பியிருந்தார். அந்த லயத்தில் என்னுடைய லைன்தான் விட்டுப் போகாமல் வரும் என்பதால் என் போனில் பேசுவதாக முடிவானது. அப்படித்தான் நான் அங்கே போய் நின்றேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

மழை நின்று வெயில் அடித்தது. பெரியப்பா குளித்து வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். பெரியம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்குப் பக்கவாட்டில் நின்று, திரை எனக்கும் தெரிகிற மாதிரி போனை நானே அவருக்கு எதிரே நீட்டிப் பிடித்துக்கொண்டேன்.

படத்தில் முதலில் ஸ்ரீபால் வந்தார், கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். "சாமி போனைத் தொடமாட்டாரு. நான் பிடிச்சிக்கிறேன், நீங்க பேசுங்க" என்றார். பிறகு ஒரு மரப் பலகையும் அதில் உட்கார்ந்திருக்கிற வயதானவரும் தெரிந்தார்கள். மழித்த தலையில்லை, கையால் மயிரைப் பிடுங்கிப் பிடுங்கி அங்கங்கே வெள்ளையாக முளைத்த தலை. மடியில் மயிற்பீலிக் கட்டு. கழுத்துக்குக் கீழே படம் வராமல் ஸ்ரீபால் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"நமோஸ்து சாமி" என்று பெரியப்பா கைகூப்பினார். அறுபத்தாறு வயதில் தன் வழியின் ஒரு குருவை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அறம் பெருகட்டும். உங்க விஷயத்தை ஸ்ரீபால் சொன்னார். வலி ரொம்ப இருக்கா?"

"இருக்கு சாமி."

"அந்த வலி போகணும்னுதான் நோன்பு கேக்கறீங்களா?"

பெரியப்பா யோசித்தார். "பாதி அதுக்குந்தான்" என்றார்.

"உண்மையைச் சொன்னீங்க. மீதி?"

"ஒரு குத்தம் இருக்கு சாமி. யாருகிட்டயும் சொன்னதில்ல. குருவப் பாத்தாச் சொல்லணும்னு வச்சிருந்தேன்."

பெரியம்மா தலையைத் தூக்கினார்.

"சொல்லுங்க."

"தோட்டத்துல புல்லுக்கு மருந்தடிக்கிற வேலைக்கு என்னைப் போட்டாங்க. புல்லு, பூச்சி, தவளை எல்லாம் சாவும். என் கையால செய்ய மாட்டேன்னு கெஞ்சி, அந்தக் கும்பலுக்கு மண்டோர் வேலைய வாங்குனேன். மண்டோர் முதுகுல மருந்துத் தோம்பு தூக்க வேண்டியதில்ல. பின்னால நடந்து பாத்துக்கிட்டாப் போதும். பதினோரு வருசம் நான் தோம்பத் தொட்டதில்ல. நம்ம தர்மத்தக் காப்பாத்திட்டேன்னு மனசுல ஒரு பெருமகூட இருந்திச்சி."

அவர் நிறுத்தினார். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை மிதித்துக் கிளப்பும் சத்தம்.

"கும்பல்ல ஆறு பொம்பளைங்க. அதுல ஒருத்திக்கு மூக்குல ரத்தம் வந்திச்சி. நெஞ்சு எரியுது மண்டோர், ஒதிரிப் பழம் பொறுக்குற வேலைக்கு மாத்திவிடுங்கன்னு கேட்டா. கிராணிகிட்ட நான் ஒரு வார்த்த சொன்னா மாத்திருப்பாங்க. ஆனா அந்த நேரத்துல ஆள் இல்ல. ஒருத்தி கொறஞ்சா அந்தத் தோம்ப நான்தான் தூக்கணும்னு கிராணி முன்னாடியே சொல்லிட்டான். அதனால மாத்த முடியாதுன்னு அவகிட்ட சொல்லிட்டேன். மறுபடியும் ரெண்டு தடவ கேட்டா. ரெண்டு தடவயும் பொய் சொன்னேன், கிராணி ஒத்துக்கலன்னு. இன்னும் ஒன்றரை வருசம் தூக்குனா. அப்புறம் படுத்தா. செத்துட்டா."

ஆறு பொம்பளைகளில் யார் என்று அவர் பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கும்பலில் நெஞ்சு நோய் வந்து செத்தது ஒரே ஆள். போனை மற்றொரு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஏன் கீழே போடவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ஒருவர் பேசும்போது நடுவில் லைனை வெட்டக்கூடாது என்கிற பழக்கம்தான், வேறொன்றும் இல்லை.

லைன் போய்விட்டதோ என்று ஸ்ரீபாலின் முகம் ஒரு தடவை திரைக்குள் எட்டிப் பார்த்தது.

"செய்தது, செய்ய வைத்தது, செய்யும்போது சரி என்று நின்றது. மூன்றும் ஒன்றுதான்" என்றார் சாமி. "உங்க தாத்தா இதைச் சொல்லியிருப்பாரே."

"சொன்னாரு சாமி. சின்ன வயசுல மனப்பாடம் பண்ணது. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"சரி."

"மன்னிப்புக் குடுங்க சாமி. நோன்பையும் குடுங்க."

"மன்னிப்பு என்கிட்ட இல்லை. அருகர்கிட்டயும் இல்லை. அவங்க வழியைக் காட்டினவங்க. உங்க சுமையை அவங்க வாங்கி வச்சுக்க முடியாது, நானும் முடியாது. யாருக்குச் செய்தீங்களோ அந்த உயிர்கிட்ட கேக்கணும். அது போயிட்டா அதுக்கு உரியவங்ககிட்ட. அந்த அம்மாவுக்கு யார் இருக்காங்க?"

பெரியப்பா போனைப் பார்க்கவில்லை. போனுக்கு மேலே என் முகத்தைப் பார்த்தார்.

"மகன் இருக்கான் சாமி. இந்தப் போன அவந்தான் புடிச்சிருக்கான்."

சுவரோரத்தில் பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தப் பக்கம் சாமி கொஞ்சம் முன்னால் குனிந்தார். என்னை அவரால் பார்க்க முடியாது. என் போன் கேமரா பெரியப்பாவைப் பார்த்துத்தான் இருந்தது. "தம்பி" என்றார். "நீங்க எதுவும் சொல்லணும்கிற கட்டாயம் இல்லை. இன்னைக்கு வேண்டாம்."

பிறகு பெரியப்பாவிடம், "நோன்பைப் பத்திக் கேட்டீங்க. வலி பொறுக்காம கேக்கறவருக்கும், குத்தம் பொறுக்காம கேக்கறவருக்கும் அது கொடுக்கறதில்லை. குடுக்கற குரு பக்கத்துல உட்காரணும். தினம் முகத்தைப் பாக்கணும், மனசு ஆடுதா நிக்குதான்னு பாக்கணும். கடல்மேல நடக்க எனக்கு வழி இல்லை ஐயா. மருந்து எடுத்துக்கோங்க. மந்திரத்தை விடாதீங்க. என்னால முடிஞ்சது இவ்வளவுதான்."

"சாமி."

"சொல்லுங்க."

"வேற வழியே இல்லீங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை" என்றார் அவர். அந்தக் குரலில் கண்டிப்பு ஒன்றும் இல்லை. ஆற்றுக்கு அந்தக் கரையில் நின்று பேசுகிற மனிதரின் குரல் மாதிரி இருந்தது.

லைன் போனது. லோகேஸ்வரி கேட்டது கிடைத்துவிட்டது. குரு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் சுவரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாவின் வேண்டுதலும் பலித்துவிட்டது. ஆனாலும் ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

"புனிதா" என்றார் பெரியப்பா. நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். கால் விடவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்த நிலையில் நின்றார். "மன்னிச்சிருய்யா."

என் அம்மா கடைசி நாட்களில் சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தே தூங்குவார், படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று. அந்த நேரத்தில் எனக்கு அதுதான் தெரிந்தது. இவர் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்த பதினாறு நாளும் தெரிந்தது. கத்தலாம் என்று பார்த்தேன், வரவில்லை. பரவாயில்லை என்று சொல்லலாம் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை.

"பொழுது எறங்குது" என்றேன். "சாப்புட்டுருங்க. அப்புறம் சாப்பிட மாட்டீங்க."

வெளியே வந்து வேனை எடுத்தேன். சாலையில் ஏறும்வரை பெரியம்மா பின்னாலேயே செருப்பில்லாமல் நடந்து வந்தார். கண்ணாடியை இறக்கினேன்.

"எங்கிட்டகூட அவ சொல்லலடா" என்றார். "வாராவாரம் அவ கையால தின்னுட்டுப் போனேனே. மூக்குல ரத்தம் வருதுன்னு ஒரு வார்த்த சொல்லலியே. எம்புருசன்னு பாத்தாளா? நான் என்ன பண்ணுவேன் இப்ப? அந்த மனுசனுக்கு நான் எப்படிச் சோறு போடுவேன்? போடாம எப்படி இருப்பேன்?"

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன்.

மறுநாள் வியாழன். போர்ட்டிக்சனில் இன்னொரு வேன்காரன் இருக்கிறான், கணேசமூர்த்தி. ராத்திரியே அவனுக்குப் போன் செய்து நாலாங்கட்டையை நீ எடுத்துக்கொள் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். எடுத்துக்கொள்வான். செய்யவில்லை. ஐந்தே முக்காலுக்கு லயத்தில் நின்றேன். பெரியப்பா படியில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக முன் சீட்டில் ஏறுகிறவர், அன்று பின் கதவைத் திறக்கச் சொன்னார். அமிர்தலிங்கம், "என்ன மண்டோர், எங்க கிளாசுக்கு வந்துட்டீங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அப்படியே நான்கு வாரம் ஓடியது. அவரைக் கைத்தாங்கலாக இறக்கினேன், ஏற்றினேன். குமட்டினால் பிளாஸ்டிக் பையை நீட்டினேன். அவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பெரியம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார் என்று லோகேஸ்வரி சொன்னாள். சமைக்கிறார், கட்டு மாற்றுகிறார், கீரையைக் கொதிக்கவைத்துக் கொட்டுகிறார். பேச்சு மட்டும் இல்லை.

லோகேஸ்வரிக்குக் கொடுத்த வாக்குப்படி காலை எடுக்க ஒத்துக்கொண்டார். தீபாவளி முடிந்த வாரத்தில் சிரம்பான் பெரியாஸ்பத்திரியில் எடுத்தார்கள். காயம் ஆறவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்து, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். கழுத்தில் போட்ட குழாய் வழியாக மிஷின் போட்டால் ரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது, போடாவிட்டால் தண்ணீர் ஏறுகிறது. டாக்டர் பெண் நல்ல பெண். லோகேஸ்வரியின் தோளைத் தொட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

மத்தியான நேரம். நான் போனபோது பெரியம்மா கட்டில் ஓரமாக நின்று அவர் கையைத் தடவிக்கொண்டிருந்தார், பேசாமல். லோகேஸ்வரி அந்த ஐந்து வணக்க மந்திரத்தைக் காதருகே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது முழுக்க வராது. மூன்றாவது வணக்கத்தில் தட்டி நின்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஸ்ரீபாலுக்கு நான் ஏழு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. மழைக்காலம் முடிந்து சாமி ஊரை விட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார், இவரும் கூடவே பத்து நாள் நடக்கப் போயிருக்கிறார் என்று அவர் வீட்டுப் பெண் ஒருத்தி பிறகு சொன்னாள்.

பெரியப்பா கண் திறந்தார். என்னைத் தேடிப் பார்த்தார். வாய் திறந்தார், சத்தம் வரவில்லை. என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். பெரியம்மாவும் என்னைப் பார்த்தார், லோகேஸ்வரியும் பார்த்தாள். மூன்று பேர் பார்வைக்கு நடுவில் நின்று, குனிந்து, "மன்னிச்சிட்டேன் பெரியப்பா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு கையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்கிற மாதிரி. காதை அவர் வாய்க்கருகில் கொண்டுபோனேன்.

"அவசரத்துக்குச் சொல்லாத" என்றார். "பொய்யி உனக்கும் பாவம். மனசு வரும்போது சொல்லு."

"வரும்போது நீங்க இருக்க மாட்டீங்களே."

"பரவால்ல" என்றார்.

அன்று மாலை போய்விட்டார். மறுநாள் எரித்தோம்.

ஒன்பது நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, டயலிசிஸ் நிலையத்து வாசலில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஸ்ரீபால் கூப்பிட்டார். பின்னால் காற்றுச் சத்தமும் பஸ் ஹார்னும் கேட்டன. எங்கோ சாலையோரம் நிற்கிறார் போல.

"இப்பதான் செய்தி பார்த்தேன் தம்பி. சாமிகிட்ட சொன்னேன். நின்னு கேட்டுக்கிட்டாரு. ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னாரு."

"என்னா?"

"அந்தப் பிள்ளை பதில் சொல்லிச்சான்னு."

அமிர்தலிங்கம் படியில் காலை வைத்துக்கொண்டு ஏற முடியாமல் நின்றார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

"சொன்னேன். நெசமா சொல்லல" என்றேன். "இன்னும் வரலன்னு சொல்லுங்க."

ஸ்ரீபால் போனைக் கீழே இறக்கி யாரிடமோ பேசுவது கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது.

"சொல்லிட்டேன் தம்பி. சரின்னாரு. நடக்க ஆரம்பிச்சிட்டாரு."

கதவைச் சாத்தி, பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, வேனை எடுத்தேன். பின்னால் நான்கு பேர் களைத்துப்போய்க் கண்ணை மூடியிருந்தார்கள்.